ஆண்டுப் பாஸ் இருந்தும் இரு மடங்கு கட்டணம்: மாநிலச் சாலை டோலுக்கு எந்தச் சட்டம்?

நெடுவழி:

வணக்கம். சட்டம் தெரிந்தவர்கள், அடிக்கடி வெளிமாநிலம் வண்டி ஓட்டுகிறவர்கள் யாராவது பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள். விஷயம் கொஞ்சம் நீளம்.

தங்கைக்கு மும்பையில் வேலை கிடைத்திருக்கிறது. வீட்டுச் சாமானில் பாதியைக் காரில் ஏற்றிக்கொண்டு நான், அம்மா, தங்கை மூன்று பேரும் சென்னையிலிருந்து கிளம்பினோம். என்னிடம் ஃபாஸ்டேக் ஆண்டுப் பாஸ் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 15 அன்று அந்தத் திட்டம் வந்தது, அந்த வாரமே 3,000 ரூபாய் கட்டி எடுத்துவிட்டேன். ஒரு வருடம் அல்லது 200 பயணம், எது முன்னால் முடிகிறதோ அதுவரை. வேலூர், கிருஷ்ணகிரி, பெங்களூரு தாண்டி ஹூப்ளி, கோலாப்பூர், சதாரா வரை ஒரு சாவடியிலும் பிரச்சினை இல்லை. கட்டை தூக்கும், போனில் செய்தி வரும், பாஸில் ஒரு எண்ணிக்கை குறையும், பணம் குறையாது. அதனால் வாலட்டில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பழக்கமே எனக்கு விட்டுப்போயிருந்தது.

அப்புறம் மகாராஷ்டிரத்தில் மாநில அரசின் சாலை ஒன்றில் ஏறினோம். சாவடியின் பெயர் வேண்டாம். வரிசையில் நிற்கும்போதே தங்கை போனைப் பார்த்து, "அண்ணா, இது ஸ்டேட் ரோடாம், பாஸ் ஓடாதுன்னு போட்டிருக்கு" என்றாள். வாலட்டில் 42 ரூபாய்தான் கிடந்தது. அவளே உடனே 1,000 ரூபாய் ரீசார்ஜ் செய்தாள், பணம் ஏறிவிட்டது என்று வங்கிச் செய்தியும் வந்துவிட்டது. எங்களுக்கு முன்னால் நாலு வண்டி. எங்கள் முறை வந்தபோது சிவப்பு விளக்கு. அங்கே இருந்த பையன் கை ஸ்கேனரைக் கொண்டுவந்து கண்ணாடியில் ஒட்டிய டேக் மேல் இரண்டு தடவை வைத்தான், இரண்டு தடவையும் பிளாக்லிஸ்ட் என்றே காட்டியது. செய்தியைக் காட்டினோம். மெஷின் சொல்வதுதான் கணக்கு என்று இந்தியில் சொல்லிவிட்டு இரு மடங்கு ரொக்கமாகக் கேட்டான். பின்னால் ஒரே ஹாரன். அம்மா மணிபர்ஸைத் திறந்து கொடுத்துவிட்டார், ரசீது வந்தது.

இதில் எனக்குப் புரியாதது, அதே சாலையில் அரை மணி நேரம் கழித்து வந்த அடுத்த சாவடியில் அதே டேக் ஒழுங்காக வேலை செய்து வாலட்டிலிருந்து பணம் கழிந்தது. அதைவிடக் கொடுமை, மூன்றாம் நாள் பார்த்தால் முதல் சாவடிக்கான ஒரு மடங்கும் வாலட்டிலிருந்து கழிந்திருக்கிறது. ஆக ஒரே கட்டைக்கு மூன்று மடங்கு கொடுத்திருக்கிறேன்.

நாடு முழுக்கச் செல்லும் பாஸ் என்று வாங்கியது மாநிலச் சாலையில் ஏன் செல்லவில்லை? இரு மடங்கு வாங்க அவர்களுக்கு எந்தச் சட்டம் அதிகாரம் கொடுக்கிறது? கட்டாமல் வந்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டியை அவர்கள் என்ன செய்திருக்க முடியும்? மூன்றாவது கேள்வியைத் தப்பிக்க வழி தேடிக் கேட்கவில்லை, அம்மா அவசரப்பட்டுக் கொடுத்துவிட்டார் என்று வீட்டில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்காகக் கேட்கிறேன்.

கருப்பு அங்கி:

உங்கள் அம்மா செய்தது சரி. வீட்டில் அதை முதலில் சொல்லிவிடுங்கள். ரசீது வாங்கிக்கொண்டு கட்டியதால்தான் இப்போது உங்களால் கணக்கு கேட்க முடிகிறது.

டோல் என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்கிறோம், ஆனால் ஒவ்வொரு கட்டைக்குப் பின்னாலும் நிற்கும் சட்டம் வேறு. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையை எடுத்துப் பாருங்கள். மாநிலப் பட்டியலில் 59ஆவது இடத்தில் டோல் என்று ஒரு சொல் மட்டும் இருக்கும், அதற்கு மேல் விளக்கம் எதுவும் கிடையாது. சாலைக்கு டோல் வாங்கும் அதிகாரம் அடிப்படையில் மாநிலத்துடையது என்பது இதிலிருந்துதான் வருகிறது. தேசிய நெடுஞ்சாலை என்று அறிவிக்கப்பட்டவை மட்டும் ஒன்றியப் பட்டியலின் 23ஆவது பதிவுக்குள் போய்விடுகின்றன. அவற்றுக்கு 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், அதன் 7ஆவது பிரிவு, அந்தப் பிரிவின் பலத்தில் வந்த 2008ஆம் ஆண்டின் கட்டண விதிகள். நாம் பேப்பரில் படிக்கும் முக்கால்வாசிச் சலுகை இந்த 2008 விதிகளுக்குள் இருப்பவை: இரண்டு சாவடிக்கு இடையே 60 கிலோமீட்டர், 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவரின் சொந்த வண்டிக்கு உள்ளூர் மாதப் பாஸ், 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் ஒன்றரை மடங்கு, இப்போது உங்கள் ஆண்டுப் பாஸ். விதி தேசிய நெடுஞ்சாலை முடிகிற இடத்தில் முடிந்துவிடும். சாலை அங்கே முடிவதில்லை, தார் நிறம்கூட மாறுவதில்லை, அதனால்தான் ஓட்டுகிறவருக்கு அது தெரியாமல் போகிறது. மும்பை–புனே விரைவுச்சாலை, மும்பை–நாக்பூர் சம்ருத்தி விரைவுச்சாலை, மும்பையின் அடல் சேது கடல் பாலம் எல்லாம் மகாராஷ்டிர அரசின் கையில் இருப்பவை, ஆண்டுப் பாஸ் அங்கே செல்லாது. நம் ஊரில் ஈசிஆர் உத்தண்டிச் சாவடியும் மாநிலச் சாலையில் இருப்பதுதான்.

இரு மடங்கு விஷயம். தேசிய நெடுஞ்சாலையில் 2021 பிப்ரவரி நடுவிலிருந்து டேக் இல்லாதவருக்கு இரு மடங்கு என்றிருந்தது, 2025 நவம்பர் 15 முதல் அதைத் தளர்த்தி, ரொக்கமாகக் கட்டினால் இரு மடங்கு, யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு என்று ஆக்கினார்கள். ஆனால் அந்த ஒன்றேகால் ஒன்றிய அரசின் விதி. மகாராஷ்டிரத்தில் மாநிலச் சாலை டோலுக்கு அடிப்படை 1958ஆம் ஆண்டின் மோட்டார் வாகன வரிச் சட்டத்தின் 20ஆவது பிரிவு. 2025 ஏப்ரல் 1 முதல் மாநிலச் சாவடிகளிலும் ஃபாஸ்டேக் கட்டாயம், இல்லாவிட்டால் இரு மடங்கு என்று அவர்கள் தனியாக முடிவெடுத்து அறிவித்தார்கள். டேக் வேலை செய்யாத வண்டியிடம் இரு மடங்கு கேட்க அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. உங்கள் டேக் உண்மையிலேயே வேலை செய்யாத டேக்தானா என்பதுதான் இங்கே கேள்வி, அதை லாரிக்காரர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

கட்டாமல் போயிருந்தால்? 1851இல் வந்த இந்திய டோல் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, சில மாநிலங்கள் இன்றும் அதை வைத்துத்தான் தங்கள் சாலைகளில் வசூலிக்கின்றன. மாட்டுவண்டிக் காலத்துச் சட்டம். கேட்டும் டோல் கட்டாவிட்டால் வண்டியையோ மாட்டையோ, ஏற்றியிருக்கும் பாரத்தில் டோலுக்குப் போதுமான அளவையோ பிடித்து வைக்கலாம், 24 மணி நேரத்துக்குள் கட்டாவிட்டால் விற்று எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரவேண்டும் என்று எழுதியிருக்கிறது. அதே சட்டத்தில் மக்களுக்கான பாதுகாப்பும் இருக்கிறது, அதை யாரும் படிப்பதில்லை. கட்டணப் பட்டியலைச் சாவடி அருகே எல்லாரும் பார்க்கிற இடத்தில், ஆங்கிலத்திலும் அந்த மாவட்டத்து மொழியிலும் எழுதி வைக்கவேண்டும். நியாயமான டோலுக்கு மேல் பறிப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம். 1851இல் 200 ரூபாய் எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துப் பாருங்கள். 

தேசிய நெடுஞ்சாலை என்றால் வழி வேறு. 2026 ஜனவரியில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, மின்னணு முறையில் பதிவாகியும் கட்டப்படாத கட்டணத்துக்குத் தனி விளக்கம் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பாக்கி இருக்கும் வரை வண்டியை விற்கவோ வேறு மாநிலத்துக்கு மாற்றவோ தேவைப்படும் தடையில்லாச் சான்று கிடைக்காது, வணிக வண்டிக்கு எஃப்சியும் (தகுதிச் சான்று) நேஷனல் பர்மிட்டும் கிடைக்காது. கட்டையைத் தாண்டி ஓடிவிடலாம், ஆர்டிஓ அலுவலக வாசலைத் தாண்ட முடியாது.

நாமக்கல் சக்கரம்:

தம்பி, உங்கள் டேக் கெட்டுப்போகவில்லை. நீங்கள் ரீசார்ஜ் செய்ததும் உண்மை, அந்தப் பையனின் மெஷினில் பிளாக்லிஸ்ட் என்று வந்ததும் உண்மை. மூன்று வண்டி வைத்து ஓட்டுகிறேன், இந்தப் பாடத்தைப் படிக்க எனக்கு நிறையப் பணம் செலவாகியிருக்கிறது.

சாவடிக் கம்ப்யூட்டர் வங்கியோடு பேசுவதற்கு ஒரு முறை இருக்கிறது, ஐசிடி என்பார்கள். தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகள் எல்லாம் 2.5 என்ற பதிப்புக்கு மாறிவிட்டன, அதில் டேக்கின் நிலை அந்த நொடியே தெரியும். வரிசையில் நின்றுகொண்டே ரீசார்ஜ் செய்தாலும் கட்டை தூக்கிவிடும். மாநிலச் சாலைகளில் சில சாவடிகள் பழைய 2.4 பதிப்பில் இருப்பதாக தேசிய நெடுஞ்சாலை ஆணையமே 2025 பிப்ரவரியில் விளக்கம் கொடுத்தது. பழைய பதிப்பில் பிளாக்லிஸ்ட் பட்டியல் அவ்வப்போதுதான் புதுப்பித்து வரும். உங்கள் கார் போய் நின்றபோது அந்தச் சாவடியிடம் இருந்தது பழைய பட்டியல். அரை மணி கழித்து அடுத்த சாவடிக்குப் புதுப் பட்டியல் வந்திருக்கும், அங்கே ஓடிவிட்டது. எனக்குத் தெரிந்தவரை இதுதான் நடந்தது.

இதற்கு, ஃபாஸ்டேக் பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ ஒரு விதியும் போட்டது. 2025 பிப்ரவரி 17 முதல் நடைமுறை. டேக்கை ரீடர் படிப்பதற்கு 60 நிமிடத்துக்கு முன்பிருந்தே பிளாக்லிஸ்டில் இருந்து, படித்த பிறகு 10 நிமிடம் வரைக்கும் அதிலேயே இருந்தால்தான் அந்தப் பணப் பரிமாற்றம் மறுக்கப்படும். அதாவது இடையில் நீங்கள் ரீசார்ஜ் செய்திருந்தால் வங்கி அதை ஏற்றுக்கொள்ளும். மூன்றாம் நாள் ஒரு மடங்கு கழிந்தது இதனால்தான், வங்கிக் கணக்கில் உங்கள் டேக் செல்லும் டேக். அப்படியானால் ரொக்கமாக வாங்கிய இரு மடங்கு திரும்ப வரவேண்டும். ரசீதையும் ரீசார்ஜ் செய்தியின் நேரத்தையும் வைத்து டேக் கொடுத்த வங்கியில் டிஸ்பியூட் போடுங்கள். வாட்ஸாப்பில் புலம்பிவிட்டு விட்டுவிடாதீர்கள்.

எங்கள் பிழைப்பைக் கொஞ்சம் சொல்கிறேன். ஆண்டுப் பாஸ் சொந்த உபயோகக் கார், ஜீப், வேனுக்கு மட்டும், எங்களுக்குக் கிடையாது. ஒரே சாவடியில் அடிக்கடி போனால் 50 பயணத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு விலையில் மாதப் பாஸ் எடுக்கலாம், ஆனால் லோடு எந்தப் பக்கம் கிடைக்கும் என்று தெரியாதவனுக்கு அது உதவாது. இரவு இரண்டு மணிக்கு டிரைவர் கூப்பிடுவார், "ஓனரே, செவப்பு காட்டுது" என்பார். படுக்கையில் உட்கார்ந்தபடியே ரீசார்ஜ் செய்துவிட்டு, லைனில் வைத்துக்கொண்டே காத்திருப்பேன். கட்டை தூக்கும் சத்தம் போனில் கேட்ட பிறகுதான் படுப்பேன். மாநிலச் சாலை என்று தெரிந்தால் கிளம்புவதற்கு முந்தின இரவே 2,000 ரூபாய் போட்டுவிடுகிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். பாஸ் ஒரு கணக்கு, வாலட் ஒரு கணக்கு.

சிவகங்கைச் சீமை:

இவ்வளவு பேச்சு எதற்கு? மஞ்சள் கோட்டுக்கு வெளியே வரிசை நின்றால், அதாவது 100 மீட்டருக்கு மேல் போனால், டோலே கட்டவேண்டாம் என்று ரூல் இருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்டிருந்தால் ஒரு ரூபாய் கொடுக்காமல் வந்திருக்கலாம். ரோடு குண்டும் குழியுமாக இருந்தாலும் கட்டத் தேவையில்லை, கேரளாவில் கோர்ட்டே சொல்லிவிட்டது.

கருப்பு அங்கி:

நண்பரே, கோபப்படாமல் கேளுங்கள், இதை நம்பி சாவடியில் சண்டை போட்டுக் காவல் நிலையம் வரை போனவர்கள் இருக்கிறார்கள். 100 மீட்டர் என்பது 2021 மே மாதம் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் தன் சாவடிகளுக்குக் கொடுத்த வழிகாட்டுதல். 2008 விதிகளில் அப்படி ஒரு விலக்கு கிடையாது. அந்த வழிகாட்டுதலையும் பின்னர் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஃபார்வர்டு மட்டும் இன்னும் சுற்றுகிறது.

கேரள விஷயம் பாலியேக்கரா, அங்கே தேசிய நெடுஞ்சாலையில் இருக்கும் ஒரு சாவடி. 2025 ஆகஸ்ட் 6 அன்று கேரள உயர் நீதிமன்றம் நான்கு வாரத்துக்கு வசூலை நிறுத்தியது, உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. சாலை சரியில்லாமல் கட்டணம் கேட்பது நியாயமில்லை என்று நீதிமன்றம் சொன்னது எனக்கும் பெரிய சந்தோஷம். ஆனால் நிறுத்தியது நீதிமன்றம். கட்டைக்கு முன்னால் காரில் உட்கார்ந்திருக்கும் நாம் நம்மிஷ்டத்துக்கு நிறுத்த முடியாது.

உண்மையில் இருக்கும் உரிமை ஒன்றைச் சொல்கிறேன், இதை ஃபார்வர்டு செய்யுங்கள்: தேசிய நெடுஞ்சாலையில் உங்கள் டேக் செல்லுபடியாகும், பணமும் இருக்கிறது, ஆனால் சாவடியின் கருவி பழுது என்றால் கட்டணம் இல்லாமல் விடவேண்டும், பூஜ்ஜியம் என்று அச்சிட்ட ரசீதும் தரவேண்டும். 2018இல் விதியிலேயே சேர்த்தது.

செம்பூர் அக்கா:

தம்பி, மும்பையில் முப்பது வருடமாக இருக்கிறேன். டோல் மாநிலத்தின் கையில் இருப்பதில் நல்லதும் உண்டு, அதையும் யாராவது சொல்லவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். வாஷி, ஐரோலி, முலுண்டில் இரண்டு, தஹிசர் என்று ஊருக்குள் நுழைய ஐந்து சாவடி. வாஷியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்வர ஒவ்வொரு தடவையும் காசு, கார் நகராமல் நிற்கிற நேரம் வேறு. 2024 அக்டோபர் 14 நள்ளிரவு முதல் காருக்கும் சின்ன வண்டிகளுக்கும் டோல் இல்லை என்று மாநில அமைச்சரவை முடிவெடுத்தது, முடிந்தது. முதல் தடவை நிற்காமல் வாஷிப் பாலம் ஏறியபோது என் கை தன்னால் பர்ஸைத் தேடியது, அந்தப் பழக்கம் போக ஒரு மாதம் ஆனது. உங்கள் ஊரிலும் ஓஎம்ஆரில் நாலு சாவடியை 2021 ஆகஸ்ட் கடைசியில் எடுத்தார்கள், நாவலூரை 2023 அக்டோபரில் எடுத்தார்கள் என்று தம்பி மகன் சொன்னான். உள்ளூர் எம்எல்ஏவைக் கேட்டு நடந்தவை இவை. தேசிய நெடுஞ்சாலை என்றால் டெல்லி வரை போகவேண்டும்.

தங்கைக்கு ஏதாவது உதவி வேண்டுமென்றால் தனிச்செய்தி அனுப்பச் சொல்லுங்கள், வாடகை வீடு பார்ப்பது இங்கே பெரிய பாடு.

ஹூஸ்டன் வாசி:

ஒரு ஒப்பீட்டுக்காக. அமெரிக்காவில் டோல் வசூலுக்கும் பாக்கிக்கும் அந்தந்த மாநிலச் சட்டம்தான், எல்லையைச் சட்டமன்றமே எண்ணாக எழுதிவைக்கிறது. டெக்சாஸில் ஒரு வருடத்துக்குள் 100 முறை கட்டாமல் போய், இரண்டு நோட்டீஸும் வந்துவிட்டால் வழக்கமாக ஏமாற்றுபவர் என்று பெயர், வண்டிப் பதிவைப் புதுப்பிக்க விடாமல் நிறுத்தலாம். பென்சில்வேனியாவில் 2022இல் திருத்திய பிறகு நாலு பாக்கி அல்லது 250 டாலர் இருந்தாலே பதிவை நிறுத்திவைக்க முடியும், அதற்கு முன் ஆறு அல்லது 500 டாலர். எங்கே கோடு என்று கட்டுகிறவனுக்கும் தெரியும், வாங்குகிறவனுக்கும் தெரியும், எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் இங்கே கட்டையே கிடையாது, கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடித்து வீட்டுக்கு பில் அனுப்பும். வீடு மாறியவருக்கு பில் போய்ச் சேராமல் அபராதம் ஏறிக்கொண்டே போகும். இந்தியாவிலும் கட்டையில்லாச் சாவடி வருகிறது என்கிறார்கள். வண்டிப் பதிவில் இருக்கும் முகவரியையும் போன் நம்பரையும் இப்போதே சரிசெய்து வைத்துக்கொள்ளுங்கள்.

நெடுவழி:

எல்லாருக்கும் நன்றி. நாமக்கல் அண்ணன் சொன்னபடி நேரத்தை எடுத்துப் பார்த்தேன். ரீசார்ஜ் செய்தி மாலை 4.11, ரொக்க ரசீதில் அச்சான நேரம் 4.19. எட்டு நிமிடம்! ரீடர் படிப்பதற்கு முன்பே பணம் ஏறியிருக்கிறது, அந்தப் 10 நிமிட அவகாசத்துக்கே வேலை இல்லை. மூன்றாம் நாள் கழிந்த பதிவிலும் பயண நேரம் 4.19 என்றேதான் இருக்கிறது.

ரசீதை அம்மா பர்ஸின் உள்ளறையில் மடித்து வைத்திருந்தார். வெயிலில் மங்கும் தாள், ஓரத்தில் எழுத்து பாதி போய்விட்டது, நேரமும் பாதை எண்ணும் மட்டும் தெளிவாக இருக்கின்றன. படம் எடுத்து, ரீசார்ஜ் செய்தியையும் வாலட் பதிவையும் சேர்த்து, வங்கியில் டிஸ்பியூட் போட்டாயிற்று. அந்தச் சாலையைப் பார்க்கும் மாநிலக் கழகத்துக்கும் தனியாக மின்னஞ்சல் அனுப்பினேன். முதலில் 1033 உதவி எண்ணுக்குத்தான் போன் செய்தேன், அது தேசிய நெடுஞ்சாலைக்கு மட்டும் என்பது கருப்பு அங்கி சார் எழுதியதைப் படித்த பிறகுதான் உறைத்தது.

சிவகங்கை நண்பர் சொன்னதை நானும் போன வாரம் வரை நம்பிக்கொண்டிருந்தேன், அதனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

செம்பூர் அக்கா, தங்கை இன்றிரவு உங்களுக்கு எழுதுவாள். வங்கியிலிருந்து பதில் வந்ததும் இதே இழையில் போடுகிறேன்.